ஐயாவின் பிளேனை எறிய ஓர் ஆள்

எல்கடுவைக் கடைத்தெருவில் என் கடையைத் தெரியாதவர் இல்லை. பருப்பு, மண்ணெண்ணெய், ரப்பர் செருப்பு, டோர்ச் பேட்டரி, போனுக்கு ரீலோட், எது கேட்டாலும் எடுத்து வைப்பேன். கொரியர்காரன் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் மோட்டார் சைக்கிளை ஏற்றப் பயந்து, மேலே போக வேண்டிய பார்சல்களையும் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விடுவான். அதனால்தான் இந்தக் கதைக்குள் நான் வந்து மாட்டினேன். இல்லாவிட்டால் கடைக்கார முஸம்மிலுக்கும் பிளேனுக்கும் என்ன சம்பந்தம்?

பார்சல்கள் சிவசுப்பிரமணியம் என்ற பெயருக்கு வந்தன. யார் இந்த மனிதர் என்று முழித்தேன். பிறகுதான் விளங்கியது, நம்முடைய டிஸ்பென்சர். மேல் தோட்டத்து மருந்துச்சாலையில் தலைவலிக்கு மாத்திரை கொடுப்பதும் காயம் கட்டுவதும் அவர்தான். இத்தனை வருடமாக மாலையில் வந்து பேப்பர் வாங்கிப் போகிறார், அவருக்குப் பெயர் ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தோட்டத்தில் அவர் டிஸ்பென்சர் ஐயா. அதுவும் நீளம் என்று வெறும் ஐயா.

யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பதைத் தொடப் போகிறார். ஒரே தங்கச்சி கனடாவில். கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. என் மனைவி ஸஜீதா ஒரு நாள் வாய் விட்டுக் கேட்டாள், அவர் சிரித்துவிட்டுச் சீனி எவ்வளவு என்று விலை கேட்டார்.

தோட்டத்து மரியாதை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் பாதையில் வந்தால் எதிரே வருகிறவர்களின் குடை மடியும், தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு இறங்கும். அவருடைய குவாட்டர்ஸ் வாசற்படியைத் தாண்டி ஒருவரும் உள்ளே போக மாட்டார்கள். கோயில் திருவிழாவில் முன்வரிசையில் நாற்காலி போட்டு மாலை போடுவார்கள், ஆனால் பக்கத்து நாற்காலி கடைசி வரைக்கும் காலியாகவே இருக்கும். ஒரு கலியாண வீட்டுக்கு நானும் போயிருந்தேன். எல்லோருக்கும் முந்தி ஐயாவுக்கு ஓர் அறைக்குள் தனிமேசை போட்டுச் சாப்பாடு. கதவு கொஞ்சம் திறந்திருந்தது. மேசை நிறையக் கறி, சுற்றிவர நாற்காலி, மனிதர் ஒருவர். கறி வைக்க வந்தவன் வைத்துவிட்டு முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தான். வெளியே பந்தியில் ஒரே சிரிப்பும் சத்தமும். அந்தச் சோறு தொண்டைக்குள் எப்படி இறங்கியிருக்கும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சரி, தோட்டத்து மேனேஜர் துரையின் பங்களாவில் சேர்த்துக்கொள்வார்களா என்றால் அதுவும் இல்லை. அங்கே அவர் மருந்து கொடுக்கிற ஒரு உத்தியோகத்தர், அவ்வளவுதான்.

பார்சல்களைக் கடையிலேயே பிரித்துச் சரிபார்ப்பார். விரல் பருமனில் மோட்டார், பிளாஸ்டிக் விசிறி, இரண்டு குச்சி முளைத்த ரிமோட். "வயசு போன காலத்துல விளையாட்டுச் சாமானா?" என்று சீண்டினேன். கோபித்துக்கொள்ளாமல், "ஓம் நானா, விளையாட்டுத்தான்" என்றார். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்குப் பிறகு பேப்பரை வாங்கிக்கொண்டு ஓடாமல் அரிசி மூட்டையில் உட்கார ஆரம்பித்தார். மாத்தளை டவுனில் வாங்கின பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் நுரைப் பலகையைச் சூடேற்றின கம்பியால் வெட்டி இறக்கை செய்கிறாராம். போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத்தான் எல்லாம். பிளேன் பறக்கவிடுகிறேன் என்று துரையிடமும் கிராம சேவகரிடமும் பொலிசிலும் முன்கூட்டியே போய்ச் சொல்லி வைத்துவிட்டார். "யாழ்ப்பாணத்தான் பிளேன் செய்யிறான் எண்டு ஆரும் கதை கட்டக்கூடாது பாருங்கோ" என்றார்.

"அப்படிப் பயந்துகொண்டு என்னத்துக்கு இந்த பிளேன்? ஒரு கிளி வளர்த்தால் என்ன?"

அவர் கையிலிருந்த மோட்டாரைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு சொன்னார். "சின்ன வயசிலை எங்கட ஊரிலை பிளேன் வந்தா நாங்கள் பங்கருக்குள்ளை ஓடுவம். மண்ணுக்குள்ளை தலையைக் குனிஞ்சுகொண்டு இருப்பம். சத்தம் மட்டும்தான் கேக்கும். அண்ணாந்து பாத்ததே இல்லை நானா. ஒருக்கா நிண்டு பாக்கோணும்."

எனக்கு வாய் நீளம். ஆனால் கிளிக் கதையை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

ஒரு மாலை முழுப் பிளேனையும் தூக்கிக்கொண்டு வந்தார். என் மேசையில் பாதியை இறக்கையே பிடித்துக்கொண்டது. இறக்கைக்கு அடியில் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் கொடுத்துத் தூக்கினார். வால் கீழே தொங்கியது. "வால் பாரம். இப்பிடி விட்டா மூக்கைத் தூக்கிக்கொண்டு போய் அப்பிடியே விழுந்திடும்" என்றார். மேசை லாச்சியைத் திறந்து ஒரு ரூபாய்க் காசுக் குற்றிகள் கொஞ்சம் எடுத்துக் கொடுத்தேன். அவற்றை மூக்குக்குள் ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தார். கடைசியில் விரல் நுனியில் அது மட்டமாக, ஆடாமல் நின்றது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் பிடித்துக்கொண்டேன். ஸஜீதா வந்து, "ரெண்டு பேருக்கும் என்ன வந்துச்சு?" என்று கேட்ட பிறகுதான் மூச்சு விட்டோம்.

அடுத்து ரிமோட் எவ்வளவு தூரம் பிடிக்கிறது என்று பார்த்திருக்கிறார். போனில் காட்டினார். மருந்துச்சாலைப் படியில் பிளேன் கிடக்கிறது. வாலில் உள்ள தகடு மேலே போகிறது, கீழே வருகிறது, இறக்கைத் தகடு இடம் வலம் ஆடுகிறது. ஆள் ஒருவரையும் காணவில்லை. ஒரு நாய் வந்து முகர்ந்துவிட்டுப் போகிறது. திரும்பவும் தகடு ஆடுகிறது. ரொம்ப நேரம் கழித்து அவருடைய கால் வருகிறது, பிறகு முகம் பெரிதாகக் குனிகிறது, வீடியோ முடிகிறது.

"இத எடுத்தது யாரு?"

"போன்தான். கல்லிலை சாத்தி வைச்சிட்டு ரிமோட்டோடை கீழ் றோட்டு வரைக்கும் நடந்தன். திரும்பி வந்து வீடியோவைப் பாத்தா ஆடிச்சுதோ இல்லையோ எண்டு தெரியும்."

எனக்கு ஆத்திரம் வந்தது. தோட்டம் நிறையச் சனம். வாசலில் மருந்துக்கு வரிசையாக நிற்கிறார்கள். ஒரு ஆளைப் பிடித்து, "ஆடுதா பாரு" என்று சொல்ல முடியாதா? கேட்டேன். "ஆரைச் சொல்றது?" என்றார், அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய சிக்கல் பிறகு வந்தது. அந்த பிளேனுக்குச் சக்கரம் கிடையாது. தோட்டத்து மைதானத்தில் புல்லும் கல்லும், சக்கரம் வைத்தாலும் ஓடாது. கையால் பிடித்து ஓங்கி எறிய வேண்டும், அப்போதுதான் அது காற்றைப் பிடிக்கும். "நீங்களே எறிங்களேன்" என்றேன். பழகின பிளேனென்றால் ஒரு கையால் எறிந்துவிட்டு மறு கையால் பிடித்துக்கொள்ளலாமாம். முதல் தடவை அது எந்தப் பக்கம் இழுக்கும் என்று தெரியாது, இரண்டு கட்டைவிரலும் ரிமோட் குச்சியிலேயே இருக்க வேண்டுமாம். வீடியோவில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்களாம். எறிய இன்னொரு ஆள் வேண்டும்.

"நான் எறியுறேன், போங்க."

"உங்களுக்கு ஹேர்னியா வெட்டின காயம் இன்னும் ஆறேல்லை. நான்தானே மருந்து கட்டுறன். கை ஓங்கினா நானே உங்களைத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஏத்தோணும்."

"அப்ப நாகமுத்துவக் கூப்பிடுங்க." நாகமுத்து மருந்துச்சாலையைக் கூட்டித் துடைக்கிறவன், நல்லவன்.

"சொன்னா வருவான்" என்றார். பேப்பரை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார். "சொன்னாத்தான் வருவான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எறிவதற்கு ஒரு கை கிடைத்தால் மட்டும் இந்த மனிதருக்குப் போதாது. உத்தரவு போடாமல், தானாக வந்து பக்கத்தில் நிற்கிற ஒரு ஆள் வேண்டும். இத்தனை வருடத்தில் அப்படி ஒருவரையும் அவர் சம்பாதிக்கவில்லை. சம்பாதிக்க அவர்களும் விடவில்லை. பாவம் என்று சொல்ல எனக்குப் பிடிக்காது. ஆனால் வேறு சொல் கிடைக்கவில்லை.

கடைசியில் நாகமுத்துவிடம்தான் சொன்னார். நாள் ஞாயிற்றுக்கிழமை, காற்று எழும்புமுன், காலையில்.

"கடையப் போட்டுட்டு எங்க போறீங்க?" என்று ஸஜீதா மறித்தாள். பிளேன் பார்க்க என்றேன். தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு ரொட்டியும் சம்பலும் வாழையிலையில் கட்டி, "அந்த மனிசன் ஒண்டும் சாப்பிட்டிருக்காது, குடுங்க" என்றாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது மைதானத்தில் பாதித் தோட்டம் நின்றது. நின்றது என்றால் ஓரத்தில், மதில் கட்டினது போல விலகி. நடுவில் அவர் ஒருவர். ரொட்டிப் பொதியை நீட்டினேன், வாங்கிப் பைக்குள் வைத்தார். வெளுத்த சேர்ட்டு, மடிப்புக் கலையாத காற்சட்டை. பேட்டரியை மாட்டினார். பிளேனுக்குப் பின்னால் போய் நின்று குச்சியை அசைத்து, இடத்துக்கு இடம் போகிறதா, வலத்துக்கு வலம் போகிறதா என்று பார்த்தார். விசிறியின் திருகை இன்னொரு தடவை முடுக்கினார்.

"நாகமுத்து, மோட்டார் வேகம் பிடிச்ச உடனை நேரா முன்னுக்கு வீசோணும். ஈட்டி எறியிற மாதிரி. பயப்பிடாதை."

"சரிங்க ஐயா."

நாகமுத்து செருப்பைக் கழற்றினான். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். பிளேனை இரண்டு கையாலும் ஏந்தி வாங்கினான். மோட்டார் சீறியது. இடுப்பைக் கொஞ்சம் வளைத்து, இரண்டு கையையும் நீட்டி, துரைக்கு வெற்றிலைத் தட்டு நீட்டுவது மாதிரி அதைக் காற்றிடம் நீட்டினான். காற்று வாங்கவில்லை. பிளேன் அவன் காலடியில் குப்புற விழுந்தது.

"வீசு எண்டு சொன்னன்."

"வீசினேங்க ஐயா."

மூக்கு நசுங்கியிருந்தது. டேப் போட்டு ஒட்டினார். திரும்பவும் அதே நீட்டல், அதே விழுதல். இந்த முறை விசிறி உடைந்தது. பையிலிருந்து புது விசிறி எடுத்துப் பூட்டினார். வேறு யாராவது என்று பார்த்தார். கொழுந்து மூட்டையை ஒரே தூக்கில் லொறிக்குள் வீசுகிற பெடியன் ஒருவன் முன்னால் தள்ளிவிடப்பட்டான். அவனும் செருப்பைக் கழற்றினான், அவனும் இரண்டு கையால் ஏந்தினான். பிளேன் அவனுக்கு முன்னாலும் விழுந்தது.

"என்னடா செய்றீங்க, ஒரு சாமான வீசி எறியத் தெரியாதா?" என்று நான் கத்தினேன்.

நாகமுத்து என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான். "எப்படிங்க நானா? ஐயாவோட சாமான். அத வீசுனா ஐயாவையே வீசுன மாதிரிங்க. கை வர மாட்டேங்குது."

அவர் அதைக் கேட்டுவிட்டார். முழந்தாளில் இருந்து பிளேனைத் துடைத்துக்கொண்டிருந்தவர், துடைப்பதை நிறுத்தினார். பிறகு பேட்டரியைக் கழற்றப் போனார். அந்த முகத்தை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ஒரு நாளாவது ஒரு ஆள் அவருக்குக் கை கொடுக்க வேண்டும் என்றால், இவர்களுடைய கை மரியாதையிலேயே மரத்துப் போயிருக்கிறது. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கூட்டத்தைப் பார்த்துச் சத்தம் போட்டேன்.

"இந்தாளு மேல கோவம் உள்ளவங்க ஒருத்தரும் இந்தத் தோட்டத்துல இல்லையா?"

சிலர் நிலத்தைப் பார்த்தார்கள். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தாள். பூங்காவனம். கொழுந்தெடுக்கிறவள், கடையில் என்னிடமே விலைக்கு மல்லுக் கட்டுகிறவள்.

செருப்போடு வந்தாள். அவருக்கு முன்னால் நின்று வலது மணிக்கட்டை நீட்டினாள்.

"இந்தக் கைதான். போன மழைக்கு மலையில சறுக்கி விழுந்துட்டு ஒங்ககிட்ட வந்தேன். சுளுக்குன்னு எண்ணெய் தடவி வேலைக்கு அனுப்பினீங்க. லீவுத் துண்டு கேட்டேன், தரல. அப்புறம் மாத்தளைக்குப் போயி படம் புடிச்சாதான் எலும்பு வெடிச்சிருந்துச்சு. எத்தன நாளு பேரு இல்லாம வீட்டுல கெடந்தேன் தெரியுமா?" வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளப் பேர் விழாது, அதைத்தான் சொன்னாள்.

ஐயாவிடம் இப்படி யாரும் பேசிக் கேட்டதில்லை.

அவர் எழுந்து நின்றார். "ஓம்" என்றார். "நான் பிழை விட்டிட்டன், அம்மா. படம் எடுக்க அனுப்பியிருக்கோணும். பிறகு தெரிஞ்சும் நான் வந்து கேக்கேல்லை."

"இப்பத்தான் சொல்றீங்க."

"இப்பத்தான் சொல்றன்." பிறகு தயங்கிக் கேட்டார். "எறிஞ்சா கை நோகுமோ?"

"அத இப்ப கேக்குறீங்க" என்று சொல்லி, பிளேனை அவர் கையிலிருந்து ஒற்றைக் கையால் பிடுங்கினாள்.

மோட்டார் சீறியது. பூங்காவனம் ஒரு காலைப் பின்னால் வைத்தாள். "போ சனியனே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீசினாள் பாருங்கள், அப்படி ஒரு வீச்சு. மைதானத்து விளிம்பைத் தாண்டி, தேயிலைக் கொழுந்தின் நுனியை உரசிக்கொண்டு இறங்கி, போய்விட்டது என்று நான் நினைத்த இடத்தில், மேலே ஏறியது.

இடப் பக்கம் இழுத்தது. அவர் கட்டைவிரலால் திருத்தினார். பேக்டரிக் கூரைக்கு மேலே திரும்பி, தொழிலாளர் லயத்து வீடுகளின் புகைக்கு மேலே வந்து, எங்கள் தலைக்கு நேரே போனது. அத்தனை பேரும் அண்ணாந்தோம். அவரும் அண்ணாந்து நின்றார். வாய் திறந்திருந்தது. அந்த மனிதரின் பல்வரிசையை நான் முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிளேன் சுற்றச் சுற்ற, பார்த்துக்கொண்டே கூட்டம் நகர்ந்தது. ஓரத்தில் நின்றவர்கள் எல்லாம் தெரியாமலே நடுவுக்கு வந்துவிட்டார்கள். "அந்தா, அந்தா திரும்புது" என்று ஒருவன் அவருடைய தோளில் தட்டிக் காட்டினான். ஒரு குழந்தை அவருடைய காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது. நாகமுத்து, "ஐயோ மரத்துல முட்டப் போகுது, தூக்குங்க, தூக்குங்க" என்று அவரை அதட்டினான். அவர் தூக்கினார். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சேர்ந்து சிரித்தார். அல்லாவே, இது இப்படியே கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று கேட்டேன்.

பேட்டரி எவ்வளவு நேரத்துக்கு? மோட்டார் சத்தம் மெலிந்தது. அவர் அதைத் தாழ்த்தித் தாழ்த்தி மைதானத்தின் மேல் ஓரத்துப் புல்லில் வயிற்றால் இறக்கினார். நல்ல இறக்கம், ஒன்றும் உடையவில்லை.

அண்ணாந்த தலைகள் கீழே வந்தன. தோளில் தட்டினவன் தான் யாரைத் தட்டினான் என்று அப்போதுதான் பார்த்தான். கையை எடுத்துக்கொண்டு பின்னால் போனான். தாய் ஓடிவந்து, "ஐயாவத் தொடாத" என்று குழந்தையின் விரலைப் பிரித்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் திரும்பவும் வெட்டவெளி.

பூங்காவனம் போய் பிளேனை எடுத்து வந்தாள். அவர் அவளிடம் நாலு அடி நடந்து போனார்.

"அடுத்த ஞாயிறும் வருவியளோ அம்மா? நீங்கள் எறிஞ்சாத்தான் இது ஏறும்." உத்தரவு இல்லை. கேட்டார். இந்தத் தோட்டத்தில் அவர் யாரிடமோ ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அவள் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு யோசித்தாள். முகம் இளகியிருந்தது. "இல்லீங்க" என்றாள். "வந்தாலும் இப்படி எறிய வராதுங்க. இருந்த கோவத்தையெல்லாம் அதோட சேத்து எறிஞ்சிட்டேன். பிழைன்னு ஒங்க வாயாலயே சொல்லிட்டீங்க. இனிமே எனக்கு ஒங்க மேல ஒண்ணும் இல்லீங்க ஐயா."

அன்று காலை முழுவதும் அவள் வாயில் வராத ஐயா, இப்போது வந்தது.

"கொஞ்சத்தை மிச்சம் வைச்சிருக்கலாமே" என்றார் அவர்.

பகிடிதான். நல்ல பகிடி. ஆனால் ஐயாவின் பகிடிக்குச் சிரிக்கலாமா, சிரித்தால் மரியாதைக் குறைவாகிவிடுமா என்று தெரியாமல் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நானாவது சிரித்திருக்க வேண்டும், எனக்கும் வரவில்லை. அவர் ஒரு நிமிடம் காத்திருந்து பார்த்தார். பிறகு இறக்கையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குவாட்டர்ஸுக்கு ஏறினார். பாதையில் எதிரே வந்தவர்கள் விலகி நின்று குடையை மடித்தார்கள்.